மஞ்சள் கோடு

நீடாமங்கலம் தியாகேசனுக்குப் பக்கவாதம் வந்தபோது, அவர் செய்துகொண்டிருந்த மாதிரி ரயில்பெட்டி பாதியில் நின்றது. நீலம் அடித்து, மஞ்சள் கோடு நேராக வருவதற்காக, அது வரவேண்டிய இடத்தின் இருபுறமும் டேப் ஒட்டியிருந்தார். வலக்கை முடங்கியபின் அதை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

மாதங்கள் கழித்து, தானாவது முடிக்கலாமென்று மனைவி சாவித்திரி, காய்ந்துபோன டேப்பை மாற்றுவதற்காக உரித்தாள். கூடவே நீலமும் பெயர்ந்து வந்தது.

"ஐயோ, கெடுத்துட்டேங்க!" என்று அழுதாள்.

தியாகேசன் பெட்டியை இடக்கையில் வாங்கிப் பார்த்தார்.

"இத்தன நாள் ஒட்டிக் கெடந்தா பெயரத்தான் செய்யும். அழாத. நீலம் பூசிக் காஞ்சதும் நீ புது டேப் ஒட்டு. நான் கோடு அடிக்கிறேன்."

"எந்தக் கையாலங்க?"

"இதாலதான்."

சாவித்திரி டேப்பைக் கோணலாக ஒட்டியதால் கோடும் கோணலாகவே வந்தது. இருவரும் சிரித்தபடி பெட்டியை மேசைமேலிருந்த சின்னத் தண்டவாளத்தில் ஓடவிட்டார்கள்.