பூசணிக்கு மார்க்குப் போடுகிறவள்

மனிதகுலம் நோயோடு நடத்திவரும் நெடும்போரில் இந்த ஆராய்ச்சிப் பண்ணைக்கு அழியாத ஓர் இடம் உண்டு என்று இயக்குநர் அடிக்கடி சொல்வார். அந்தப் போர்க்களத்தில் அன்று காலை எட்டுப் பெண்கள் குந்தி உட்கார்ந்து, நன்றாக இருந்த பூசணிச் செடிகளுக்குச் சீக்கு தேய்த்துக்கொண்டிருந்தார்கள்.

சீக்குப் பிடித்த இலையை அரைத்துப் பிழிந்த சாறு கிண்ணத்தில் இருந்தது. சாறு உள்ளே இறங்கும்படி இலைத்தோலைக் கீற, இளம் இலைமேல் நறநறவென்ற பொடியைத் தூவி, விரலைச் சாற்றில் நனைத்து ஒரு தடவல். நாற்பது ரகம், நாற்பது வரிசை. எது தாக்குப்பிடிக்கிறதோ அதிலிருந்துதான் விதை எடுப்பார்கள்.

"பெத்த புள்ளைக்குக்கூட நான் இவ்வளவு பதமா எண்ணெய் தேய்ச்சதில்ல" என்றாள் நெட்டச்சி.

"இலை கிழியாமத் தேய்டி. வாயாலயா தேய்க்கிற?" என்றாள் மார்க்கு அக்கா.

வாராவாரம் ஒவ்வொரு செடிக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்துவரை மார்க்குப் போடுவது ஆறு வருடமாக அவள் வேலை. சீக்கே அண்டாவிட்டால் பூஜ்யம். இலை சுருண்டு கொப்புளித்துப்போனால் ஐந்து. முட்டை வாங்குகிறவனே முதல் மாணவன் என்ற இந்த ஏற்பாடு, பள்ளியில் அடிக்கடி முட்டை வாங்கும் அவள் மகளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இத்தனை நாளும் தினக்கூலி. இந்த வருடம் மார்க்குப் போடும் வேலையை நிரந்தரமாக்கி, அவளுக்கே தருவதாக இயக்குநர் வாயாலேயே சொல்லியிருந்தார். வீட்டுக்காரர் இப்போதே அவளை "ஆபீசரம்மா" என்று கூப்பிட்டுத்தான் காப்பி கேட்டார்.

மூன்று வாரம் கழித்து, தலைமையகத்திலிருந்து விருந்தினர்கள் வந்தார்கள். இயக்குநர் முன்னே நடந்தார். முப்பத்தொன்றாம் வரிசையில் நின்று ஓர் இலையைத் தூக்கிக் காட்டினார். நரம்புகள் பிரியும் இடமெல்லாம் வெள்ளிப் புள்ளிகள்.

"பார்த்தீங்களா? முத்திப்போன சீக்கு!"

பிறகு பன்னிரண்டாம் வரிசை. கரும்பச்சை இலை, அங்கங்கே உப்பிக்கொண்டு நின்றது.

"இதுதான் ஆரோக்கியம். என்ன செழிப்பு!"

சோதனையை நடத்தும் இளம் விஞ்ஞானி, பெண்கள் 'டாக்டர் தம்பி' என்று கூப்பிடுகிறவர், தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், அந்தப் புள்ளி பொறவியிலயே உள்ளது" என்றாள் மார்க்கு அக்கா. "எங்க வீட்டுக்காரருக்கு மூக்குல மச்சம் இருக்கிற மாதிரி. பன்னெண்டுதான் சீக்குல வீங்கிக் கெடக்கு."

ஒரு விருந்தினர் இருமினார்.

"யாரு இது?"

"கூலி ஆள்" என்றார் இயக்குநர். "முப்பத்தொன்னை இன்னிக்கே பிடுங்கி எரிச்சிடுங்க."

கார்கள் போனதும் அவள் டாக்டர் தம்பியை மடக்கினாள். "எரிக்கிறதுக்கு முன்னாடி சீக்கைக் காட்டிக்குடுக்கிற அந்தச் சோதனைத் தாளை வச்சுப் பார்த்துடலாம், தம்பி."

இரண்டு வரிசையிலிருந்தும் இலை கிள்ளி நசுக்கி, சாற்றில் வரிசைக்கொரு தாளை நிறுத்தினார்கள். ஒரு கோடு வந்தால் சீக்கு இல்லை. இரண்டு வந்தால் சீக்கு.

"என் மருமகளுக்கு ரெண்டு கோடு வந்தப்ப வீடே குதிச்சுது" என்றாள் நெட்டச்சி.

பன்னிரண்டுக்கு இரண்டு கோடு. முப்பத்தொன்றுக்கு ஒன்றே ஒன்று. பெண்கள் வரப்பு அதிரக் குதிக்காத குறை.

தாள்களோடு இயக்குநர் அறைக்குப் போன டாக்டர் தம்பி ஒரு மணி நேரம் கழித்து ஒரு காகிதத்தோடு திரும்பினார்.

"முப்பத்தொன்னை எரிக்க வேண்டாமாம்."

"அப்பாடா!"

"ஆனா சார் விருந்தாளிங்ககிட்ட சொன்னது தப்பா இருக்க முடியாதாம். பன்னெண்டு நல்லா இருக்குன்னு அவர் சொல்லிட்டாரு. அப்ப நல்லா இருக்கிற வரிசைதான் பன்னெண்டு. நம்பர் பலகையைத்தான் யாரோ மாத்தி நட்டிருக்காங்களாம்."

"யாராம்?"

அவர் காகிதத்தை நீட்டினார். 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து, அடியில் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"இதுல கையெழுத்துப் போட்டா அந்த நிரந்தர வேலை வராது, அக்கா."

"போடலன்னா?"

"முப்பத்தொன்னாம் வரிசையை எரிக்கணும்."

மார்க்கு அக்கா வரப்பில் உட்கார்ந்தாள். ஆறு வருடத்தில் ஒரு சீக்குக்கும் மசியாத ரகம் அது ஒன்றுதான். வெள்ளிப் புள்ளி இலைகள் காற்றில் ஆடின. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"பேனா குடுங்க. எங்க வீட்ல கேட்டா, ஆபீசரம்மா ரிட்டையர் ஆயிட்டாங்கன்னு சொல்லிக்கிறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டு, இரண்டு பலகைகளையும் அவளே பிடுங்கி இடம் மாற்றி நட்டாள்.

"இப்பத்தான் நெஜமாவே மாத்தி நட்டிருக்கேன்" என்றாள். நெட்டச்சி சிரித்துச் சிரித்துப் புரையேறி, முதுகில் தட்ட வேண்டியதாயிற்று.

அடுத்த மாதம் நிரந்தரப் பணியிடம் வந்தது. 'நோய் மதிப்பீட்டு அலுவலர்' என்று பெயர். இயக்குநரின் மைத்துனர் சேர்ந்தார்.

ஒவ்வொரு செவ்வாயும் அவர் குடை பிடித்துக்கொண்டு பதிவேட்டோடு வரப்பில் நிற்கிறார். மார்க்கு அக்கா வரிசைக்குள் களையெடுத்தபடியே நகர்கிறாள்.

"இது எத்தனை, அக்கா?"

"மூணு."

"இது?"

"முட்டை போடுங்க, சார்."

நல்ல மனிதர்தான். அதட்டிப் பேசமாட்டார். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பச்சைக்கும் மஞ்சளுக்கும் மட்டும் அவருக்கு வித்தியாசம் தெரியாது.