ரோஷினி ஏறினால் ஆடும் ஏணி

…அப்படியென்றால் கோளாறு தரையில் இல்லை, ஏணியிலும் இல்லை, உதவியாள் ஹமீது ஏறினான், ஆடவில்லை, முத்தையாவே தொப்பையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தார், அசையவில்லை, ரோஷினி ஏறினால் மட்டும் ஆடுகிறதே, எண்பது கிலோவுக்கு ஆடாதது ஐம்பது கிலோவுக்கு எப்படி ஆடும்? சிங்கப்பூர் டன்லப் ஸ்திரீட்டில் அந்தப் பழைய கடைவீட்டின் முன்னால் நின்று முதலிலிருந்து எண்ணினார். மாடி ஜன்னல் விளிம்பு நாலு மீட்டர் உயரம், ஆகவே ஏணியின் கால் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நாலுக்கு ஒன்று, அதைவிட நெருங்கினால் ஏணி ஆளோடு பின்னால் சாயும், விலகினால் கால் வழுக்கும், அளந்தாயிற்று. காலில் ரப்பர் புதிது. ஏணியின் மேல்முனையை ஜன்னல் கம்பியோடு இரண்டு பக்கமும் ஹமீது கயிற்றால் கட்டியிருக்கிறான், அவன் முடிச்சு அவிழ்ந்து முத்தையா பார்த்ததில்லை… பிறகு என்ன? சுவரைச் சோதிக்க வருகிற இன்ஜினியரே ஏணி கொண்டுவர மாட்டாரா என்று கட்டடச் சொந்தக்காரர் கேட்டார், எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், இன்ஜினியர் கொண்டுவருவது கண்ணும் சுத்தியலும்தான், பத்திரமாக ஏற வழி செய்து தருவது கட்டடக்காரர் பொறுப்பு, அவர் முத்தையாவைக் கூப்பிடுவார், இருபத்தாறு வருடமாக இதுதான் தொழில். ஆனால் இன்றைய இன்ஜினியர் தன் மகள் ரோஷினிதான் என்பது காலையில் ஈசூன் வீட்டில் ஷூ மாட்டும்போதுதான் தெரிந்தது, இருவர் கைப்பேசியிலும் ஒரே முகவரி. அவள் தனியாகச் செய்யும் முதல் சோதனை, அங்கே வந்து கண்ணு, செல்லம் என்றெல்லாம் கூப்பிடக் கூடாது என்றாள். சரிங்க மேடம் என்றார்.

மேடம் இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் பாதியில் இறங்கிவிட்டாள். தாழ்ந்த குரலில்தான் சொன்னாள்: “அப்பா, இன்னொரு தடவை ஆடுச்சுன்னா ஏற வழி சேஃப் இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவேன். உங்க பேரும் அதுல வரும்.” எழுதுவாள், எழுதத்தான் வேண்டும், அப்படித்தானே வளர்த்தது… இப்போது மூன்றாவது தடவை. அடியில் நான் நிற்கிறேன் என்று ஹமீது மறுபடியும் சொல்லிப் பார்த்தான், அவர் விடவில்லை, ஏணியின் இரண்டு பக்கத்தையும் இறுக்கிப் பிடித்தார். “அப்ப இதையாவது வச்சுக்குங்கண்ணே, ஆறிடும் லா,” என்று பிளாஸ்டிக் பையில் கட்டிய தேயை, சூடான தேநீரை, அவர் சுண்டுவிரலில் மாட்டிவிட்டுப் போனான். மேலே அவள் சுத்தியல், டொக், டொக். சுவரை விட்டுக் காரைப்பூச்சு விலகியிருந்தால் சத்தம் பொந்துக்குள் தட்டியதுபோல் கேட்கும், அவளுக்கு நல்ல காது… அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆங் மோ கியோ வீட்டில் அவளுக்கு அடுக்குக் கட்டில், நாலே படி, ஒன்பது வயது வரைக்கும் அதையும் பிடித்துக்கொண்டு நின்றவர் இவர், ரொம்ப அழுத்திப் பிடிக்காதீங்கப்பா, கட்டில் ஆடுது என்று சிரிப்பாள்… அப்போதும் ஆடியதா? டொக் நின்றது. காது கொடுத்து அசையாமல் நிற்கிறாள். அசையவே இல்லை, பிறகு ஏன் பையில் இந்தத் தே மட்டும் சின்னச் சின்ன வளையமாக அதிர்ந்துகொண்டே இருக்கிறது?

“அப்பா… மறுபடியும் ஆடுது.” ஒரு பூட்ஸ் ஒரு படி கீழே இறங்கியது. அலுமினிய ஏணி அதிர்வை விழுங்காது, அடியில் கொடுத்ததை அப்படியே உச்சிக்குக் கொண்டுபோகும், அடியில் இருப்பதோ இந்த இரண்டு கை, ஹமீது ஏறியபோது கல்லாக இருந்த அதே கை. விடலாமா? விட்டுவிட்டு எப்படி நிற்பது? ஒவ்வொரு விரலாக எடுத்தார், இரண்டடி பின்னால் நகர்ந்தார். விரலில் தொங்கிய தே இன்னும் அதிர்ந்தது. ஏணி அதிரவில்லை.

“இப்ப ஓகே. என்னப்பா பண்ணீங்க?”

ஒன்றுமில்லை என்றார். பூட்ஸ் மறுபடி மேலே ஏறியது, டொக், டொக். ஹமீதைக் கண்ணால் கூப்பிட்டு அடியில் நிற்கச் சொன்னார். மேலே கயிறு, கீழே ரப்பர், சாய்வு நாலுக்கு ஒன்று. ரோஷினி ஏறும்போது முத்தையா ஏணியைத் தொடக் கூடாது.