தோப்பூர் வயலும் பக்கத்து வீடும்

...நல்ல வயல்தான், வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது, கதிர் முற்றிச் சாய்ந்து நிற்கிறது, பிறகு ஏன் அந்த வரம்பில் நின்றபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை? மூதூரிலிருந்து திரும்பும் லாஞ்சுப் படகில் இருக்கிறோம், முகத்தில் உப்புத்தண்ணீர் தெறிக்கிறது, தம்பி பேணாட் இன்னும் வயலைப் பற்றியே கதைத்துக்கொண்டு வருகிறான். என் கணவர் யோசேப் துறைமுக டொக்யாட்டில் உழைத்துச் சேர்த்ததை, அவர் காலமானபின், ஒரு காணியில் போடவேண்டும் என்று சொல்லிச் சொல்லி, இன்று தோப்பூருக்குக் கூட்டிப்போனவனும் அவன்தான். காணிக்காரர் சரீப் வீட்டில் மத்தியானச் சோறு தந்தார், நல்ல மனிதர், "நீங்கள் வந்து பார்க்கவே தேவையில்லை தங்கச்சி, குத்தகை நெல் உங்கட வாசலுக்கு வரும்" என்றார். வந்து பார்க்கவே தேவையில்லை... அந்தச் சொல்தான் சோற்றோடு உள்ளே இறங்காமல் நின்றது. பார்க்கத் தேவையில்லாத ஒன்றை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

முதலில் வாங்கியது கடையறை, கடைத்தெருவில், நல்ல இடம், வாடகையும் தவறியதில்லை. ஆனால் மாதம் பிறந்து நான் வாசலில் போய் நின்றால் போதும், அதை வாடகைக்கு எடுத்திருந்த மனிதர் குடித்துக்கொண்டிருந்த தேநீரை வைத்துவிட்டு எழுந்துவிடுவார், உள்ளே சிரிப்பு நின்றுவிடும்... என் கடையில் என்னைக் கண்டு எல்லோரும் வாய் மூடுவதா? விற்றுவிட்டேன், பேணாட் ஒரு கிழமை முகம் கொடுக்கவில்லை. பிறகுதான் என் வீட்டில் சும்மா கிடந்த முன்னறையை ஆஸ்பத்திரி நேர்ஸ் அன்னலட்சுமிக்குக் கொடுத்தது, பெரிய யோசனை ஒன்றும் இல்லை, கேட்டாள், கொடுத்தேன். கிணற்றடியில் சுருதியே இல்லாமல் பாடுவாள், என் குசினியில் உரிமையோடு உப்புத் தேடுவாள், வேலை முடிந்து வந்தால் ஆஸ்பத்திரிக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவாள்... வாடகையை மேசையில் வைக்கும்போது, இது எதற்கு என்று ஒரு கணம் எனக்கே மறந்துபோகும். இப்போது பக்கத்து வீட்டுக்காரர் கொழும்புக்கு மகளிடம் போகிறார், வீட்டை எனக்கே விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வெள்ளைக்காரக் கடற்படை போனபிறகு இந்தப் பக்கம் யார் குடிவருவார்கள் என்பான் பேணாட், ஓடு உடைந்ததுதான், சுவர் ஊறியதுதான், ஆனால் மூன்று அறைகள், என் குசினி யன்னலுக்கு நேரே, வேலியைக் கொஞ்சம் பிரித்தால் ஒரே வளவு...

"நாளைக்குக் காணி உறுதி எழுதச் சொல்லட்டே, அக்கா?"

"வேண்டாம் பேணாட். வயல் நல்லதுதான், எனக்குச் சரிவராது. நான் பக்கத்து வீட்டை எடுக்கப்போறன்."

கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை, என் பக்கம் திரும்பினான்.

"அந்த ஒழுகல் வீட்டையோ? நாளைக்கு அன்னலட்சுமி மாற்றலாகிப் போனால் என்ன செய்வீங்கள்?"

"வேற ஆரும் வருவினம்."

"அக்கா, உங்களுக்கு வேண்டியது வாடகையோ, ஆக்களோ?"

"ரெண்டும்தான்."

சிரித்துவிட்டான். "அப்ப சரி, கூரைக்கு ஆள் நான் பாக்கிறன்" என்றான், எனக்குள் ஒரு பாரம் இறங்கியது, இனி யார் சொல்லியும் வரம்பில் போய் நிற்கத் தேவையில்லை, காற்றுக்கூட இதமாக இருந்தது. துறைமுகத்தின் கட்டடங்கள் தெரியத் தொடங்கின. மூன்று அறைகளுக்கும் வெள்ளை அடிக்கவேண்டும், யன்னல்களுக்குப் பச்சை... ஆனால் அன்னலட்சுமி மாற்றலாகிப் போனால் என்று அவன் சொன்னபோது எனக்கு ஒரு பயம் வந்ததே, அது ஓர் அறை காலியாகிவிடும் என்ற பயம் இல்லை, அறைக்கு ஆள் கிடைக்கும்... பிறகு அது என்ன?