எழுபத்தொரு மில்லிமீட்டர்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அரசு மகளிர் மருத்துவமனையின் தரைத்தளத்தில் உள்ள ஏழாம் எண் அறைக்கு வெளியே பதினான்கு பெண்கள் காத்திருந்தார்கள்.

ஒன்பதாவது ஆள் நகரப் பேருந்து கண்டக்டர். வயது நாற்பத்தேழு. இருபத்திரண்டு வருடமாக ஓடும் வண்டியில் நின்றபடியே வேலை. மற்றவர்கள் உட்கார்ந்திருக்க, இவர் மட்டும் சுவரில் சாய்ந்து நின்றார். ஆறு மாதமாகப் பிறப்புறுப்பின் வாயில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஏதோ இறங்கி நின்றது. காலையில் இருக்காது, மத்தியானத்துக்கு மேல் வந்துவிடும். முதலில் குடல் சரிந்துவிட்டது என்று நினைத்தார். பிறகு புற்றுநோய் என்று முடிவு கட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை. போன வாரக் கடைசியில், உடல்நிலை காரணமாக வேலையை விட்டு விலகுவதாக எழுதிக் கிளை மேலாளரிடம் நீட்டினார். மேலாளர் படித்துப் பார்த்து, கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"ரெண்டு வாரம் லீவு எடுத்துக்கிட்டு டாக்டரைப் பாருங்க. இருபத்துநாலாம் தேதி வந்து, அப்பவும் போறேன்னா கையெழுத்துப் போடறேன்."

டாக்டர் பார்த்தார். கர்ப்பப்பை இறக்கம் என்றார். ஆபரேஷன் செய்யலாம், அதற்குப் பிறகு சில மாதம் ஓய்வு. அல்லது கர்ப்பப்பையைத் தாங்கிப் பிடிக்கும் சிலிக்கான் வளையத்தை உள்ளே வைத்துப் பார்க்கலாம். "வளையம்னா ஏழாம் நம்பர் ரூம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அந்த அறையைப் பதினொரு வருடமாக நடத்துகிறவர் ஒரு நர்ஸ். எல்லோருக்கும் சிஸ்டர். முதுகுக்குப் பின்னால் படிக்கட்டு சிஸ்டர். வளையம் வைத்துக்கொண்ட ஒருவரையும் இரண்டு மாடி ஏறி இறங்க வைக்காமல் அவர் வீட்டுக்கு அனுப்பியதில்லை. இருமச் சொல்வார், குந்தச் சொல்வார், சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்வார். அதற்கு மேல் அவருக்கென்று ஒரு பழக்கம் உண்டு: வந்தவர் தினமும் என்ன வேலை செய்கிறாரோ அதை அங்கேயே செய்து காட்டச் சொல்வார். சலவைக்காரம்மா ஈரப் போர்வை பிழிந்திருக்கிறார். பள்ளி ஆசிரியை ஒருவர் வெறும் சுவரைப் பார்த்து வகுப்பை அதட்டியிருக்கிறார்.

கண்டக்டர் திரைக்குப் பின்னால் படுத்ததும், சிஸ்டர் பரிசோதனைக் கருவியை வெந்நீரில் காட்டிச் சூடாக்கினார்.

"தொடலாமா அக்கா?"

கண்டக்டர் தலையசைத்தார். இரண்டு பிரசவத்திலும் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை.

இடுப்பைச் சுற்றி நீளத் துணி ஒன்று நான்கு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. சிஸ்டர் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"கீழ இறங்காம இருக்க."

"பஸ்ல பின்வாசல்ல ஏறி நெருக்கினா முன்வாசல்ல என்ன ஆகும்?"

"முன்னாடி நிக்கிறவன் ரோட்ல விழுவான்."

"அதைத்தான் தினமும் பண்ணியிருக்கீங்க. அவிழ்த்துடுவோமா?"

பிறகு ஒரு சின்னக் கண்ணாடியைக் கையில் கொடுத்து, பார்க்க விருப்பமா என்று கேட்டார். கண்டக்டர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது புத்து இல்லியே?"

"இல்லக்கா. டாக்டரும் பார்த்துட்டாங்க, நானும் பார்த்துட்டேன். இது உங்க கர்ப்பப்பை. தாங்கிப் பிடிக்கிற தசை தளர்ந்துபோச்சு, இறங்கி நிக்குது. காலைல உங்களோட வெளிய உக்காந்திருந்தாங்களே பதிமூணு பேர், அதுல நாலு பேர் இதே கதைதான். ஒருத்தர் கிட்ட ஒருத்தர் சொல்ல மாட்டாங்க. முட்டிவலின்னு பேசிக்குவாங்க."

"நான் முதுகுவலின்னு சொன்னேன்."

"பரவாயில்ல, கிட்ட வந்துட்டீங்க."

கண்டக்டர் சிரித்துவிட்டார். சிரித்ததில் அது இன்னும் கொஞ்சம் இறங்கியதை சிஸ்டர் கவனித்துக்கொண்டார்.

முதலில் எழுபத்துநாலு மில்லிமீட்டர் வளையம். உட்கார்ந்ததும் அழுத்தியது, எடுத்தாயிற்று. அடுத்தது அறுபத்தெட்டு. மாடிப்படி ஏறி இறங்கினார், இருமினார், எல்லாம் சரி. சிஸ்டர் அவரைப் படிக்கட்டின் கடைசிப் படியில் ஒற்றைக்காலில் நிற்க வைத்து, கைப்பிடியைப் பிடித்து வெளியே சாயச் சொன்னார்.

"இப்ப உங்க குரல்ல கத்துங்க."

"இங்கயா? ஆஸ்பத்திரி, சிஸ்டர்."

"வண்டியில வெட்கப்பட்டா எப்படி டிக்கெட் கிழிப்பீங்க?"

கண்டக்டர் அடிவயிற்றிலிருந்து குரல் எடுத்தார். "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே, நடுவுல எவ்ளோ இடம் கிடக்கு." படிக்கட்டில் பேசிக்கொண்டு நின்ற பார்வையாளர்கள் ஆறு பேர் மளமளவென்று நகர்ந்து கூடத்துக்குள் போய்விட்டார்கள். வளையமும் நழுவியது.

சிஸ்டர் முகம் மாறவில்லை. "நல்லதாப் போச்சு. ரோட்ல விழாம இங்கயே விழுந்துச்சு. வாங்க."

மூன்றாவது, எழுபத்தொன்று. அது மாடிக்கும் இருமலுக்கும் குந்தலுக்கும் கூச்சலுக்கும் அசையவில்லை. வாரம் ஒருமுறை எப்படிக் கழற்றுவது, சோப்புத் தண்ணீரில் எப்படிக் கழுவுவது, எப்படி மடக்கித் திரும்ப வைப்பது என்று சிஸ்டர் காட்டினார். கண்டக்டர் தன் கையாலேயே மூன்று முறை வைத்து எடுத்த பிறகுதான் விட்டார். தண்ணீர் குடிக்க வேண்டும், முக்கக் கூடாது, தசையை இறுக்கி விடும் பயிற்சியை ஒவ்வொரு நிறுத்தத்திலும் செய்ய வேண்டும் என்றார். "எவனுக்கும் தெரியாது. டிக்கெட் கொடுத்துக்கிட்டே பண்ணலாம்."

ஒன்பது நாள் நன்றாகப் போயின. 20ஆம் தேதி வியாழக்கிழமை காலை கண்டக்டர் வளையத்தைக் கழற்றிக் கழுவி, குளியலறை அலமாரியில் சுத்தமான துணி விரித்து உலர வைத்தார். ஈரம் போவதற்குள் மார்க்கெட் போய் வந்துவிடலாம் என்று கிளம்பினார்.

அவருடைய கணவர் பிளம்பர். ஊரார் வீட்டுக் குழாய் ஒழுகலையெல்லாம் அடைக்கிறவர், சொந்த வீட்டு ஃப்ளஷ் டேங்க் ஒழுகலை நாலு மாதமாக நாளை நாளை என்று தள்ளிக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு வேலை இல்லை. துணியின் மேல் புத்தம் புது சிலிக்கான் வளையம் ஒன்று இருப்பதைப் பார்த்தார். மனைவி கேட்டுக் கேட்டு அலுத்து, தானே வாங்கி வைத்துவிட்டாள் என்று எண்ணினார். கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. பதினைந்து நிமிடத்தில் டேங்குக்கும் பீங்கானுக்கும் நடுவே அதைப் பொருத்தி, போல்ட்டை முறுக்கிவிட்டார்.

கண்டக்டர் திரும்பி வந்து அலமாரியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். வாளிக்குள் கையை விட்டார்.

"என்னத்தைத் தேடற?" என்றார் கணவர். "ஒழுகல் நின்னுபோச்சு பாரு. அருமையான வாஷர். எந்தக் கடையில வாங்கின? எனக்கே இந்த மாதிரி கிடைக்கலையே."

கண்டக்டர் டேங்கைப் பார்த்தார். படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திருமணமாகி இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாகக் கணவர் சமையலறைக்குள் போய், அழுகிறவளுக்கு எது கொடுப்பது என்று தெரியாமல் தண்ணீர் கொண்டு வந்தார். கதவு திறந்தபோது கண்டக்டர், "நாளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. எதுக்குன்னு கேக்காதீங்க" என்றார். அவர் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஏழாம் எண் அறையில் சிஸ்டர் முழுவதையும் கேட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பி ஏதோ தேடுகிற மாதிரி நின்றார். திரும்பியபோது முகம் ஒழுங்காக இருந்தது.

"அண்ணன் எங்க?"

"வெளிய வண்டியோட நிக்கிறார்."

"நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நீங்களே சொல்லுங்க சிஸ்டர். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கறேன்."

பிளம்பர் வந்து கதவோரம் நின்றார். சிஸ்டர் ஒரு தாளில் படம் வரைந்து, இது மூத்திரப்பை, இது கர்ப்பப்பை, இது இறங்கும் வழி, வளையம் இங்கே நின்று தாங்கும் என்று சொல்லிக்கொண்டே போனார். பிளம்பர் முதலில் தாளைப் பார்க்காமல் தன் செருப்பைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சப்போர்ட்டு. புரியுது. சைஸு தப்பினா வழுக்கும்."

"வழுக்கிச்சு. மூணாவதுதான் நின்னுச்சு."

"ஆறு மாசமாவா?" என்று மனைவியிடம் கேட்டார். அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் என்னமோ எம் மேல கோவம்னு நினைச்சேன்." பிறகு சிஸ்டரிடம், "டேங்க்ல இருந்து கழட்டி, கொதிக்க வச்சுக் கொண்டு வந்துடட்டுமா?" என்றார்.

"வேண்டாம் அண்ணே. அது அங்கயே வேலை பார்க்கட்டும்."

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. சிஸ்டரின் பெட்டியில் எழுபத்தொன்று இல்லை. மருந்துக் கிடங்கில் கேட்டார். வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். கடையில் வாங்கிக்கொள்ளச் சொன்னால் சைஸ் பார்க்காமல் எதையாவது தலையில் கட்டிவிடுவார்கள் என்று சிஸ்டருக்குத் தெரியும். வேலைக்குத் திரும்பும் நாளுக்கு நடுவே இருந்தது இரண்டே நாள்.

"அறுபத்தெட்டையே வச்சு ஓட்டிக்கறேன்" என்றார் கண்டக்டர். "கத்தாம டிக்கெட் கொடுக்கறேன்."

"நீங்க கத்தாம இருந்தா வண்டி நகராது" என்று சொல்லி சிஸ்டர் போனை எடுத்தார். நோயாளிகளைப் பார்க்கும் இடைவெளிகளில் ஐந்து மருத்துவமனைகளைக் கூப்பிட்டார். நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு நர்ஸிடம் ஒன்றே ஒன்று இருந்தது. பதிலுக்கு இரண்டு அறுபத்தைந்து வேண்டும் என்றார். கண்காணிப்பாளரிடம் கடிதத்தில் கையெழுத்து வாங்கி, வேலை முடிந்த பிறகு சிஸ்டர் இரண்டு பேருந்து மாறிப் போனார். பிளம்பர் தான் போய் வருவதாகச் சொன்னதற்கு, "உங்களை நம்பி இன்னொரு வளையம் கொடுக்க இன்னும் மனசு வரலண்ணே" என்று சிரித்துவிட்டார்.

சனிக்கிழமை விடுமுறை. சிஸ்டர் பத்து மணிக்கு வந்து அறையைத் திறந்தார். பொருத்தினார், மாடி ஏற்றினார், குந்த வைத்தார், கடைசிப் படியில் நிறுத்தினார். பிளம்பர் கீழே நின்று பார்த்தார். மனைவி வேலை செய்கிற குரலை இவ்வளவு பக்கத்தில் அவர் கேட்டதில்லை. அவரும் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

அவர்கள் போன பிறகு சிஸ்டர் நோயாளிகளுக்குக் கொடுக்கும் அறிவுரைத் தாள்களை எடுத்தார். 'பத்திரமான இடத்தில் உலர வைக்கவும்' என்று அச்சிட்டிருந்தது. பதினொரு வருடத்தில் ஒருவரிடமும், வீட்டில் யார் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியுமா என்று தான் கேட்டதில்லை என்பது அவருக்கு உறுத்தியது. நாற்பது தாளிலும் அந்த வரிக்குக் கீழே பேனாவால் எழுதினார்: 'மூடி போட்ட டப்பாவில் வைக்கவும். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லவும். சொல்ல முடியாவிட்டால் என்னிடம் சொல்லவும், நான் பேசுகிறேன்.'

மார்ச் 24, திங்கட்கிழமை காலை ஐந்து நாற்பதுக்குக் கண்டக்டர் பணியில் சேர்ந்தார். மேலாளர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஜூன் மாதப் பரிசோதனையில் புண் இல்லை, கசிவு இல்லை, வளையம் அதன் இடத்தில் இருந்தது. அடுத்த பரிசோதனை செப்டம்பரில்.