சாதாரணப் பயனர்

எங்கள் வீட்டில் என்னைக் கேட்காமல் ஒரு துரும்பும் அசையாது. என் இளைய மகளை மணக்க விரும்பும் பையனின் தந்தையிடமும் தொலைபேசியில் இதே வார்த்தைகளில்தான் சொல்லியிருந்தேன். அவர் ஓய்வுபெற்ற நீதிபதி. ஒழுங்கில்லாத வீட்டில் பெண் எடுப்பதாக இல்லை என்று முதலிலேயே சொன்னவர். ஞாயிறு மாலை இரு குடும்பமும் கணினித் திரையில் முகம் பார்த்துப் பேசுவதென்று முடிவாயிற்று. அவர் முகம் சுளித்தால் சம்பந்தம் அவ்வளவுதான்.

இஸ்திரி போட்ட சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மகள் அழைத்துப் பார்த்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. சத்தமும் இல்லை.

“பழைய வெர்ஷன்ப்பா. அப்டேட் பண்ணாத்தான் படம் வரும்,” என்றவள், அழைப்பு மென்பொருளைத் திரையின் கீழே சுருக்கித் தள்ளிவிட்டு வேறெதையோ அழுத்தினாள். ஒரு கட்டம் எழுந்தது: ‘அனுமதி மறுக்கப்பட்டது. நிர்வாகியை அணுகவும்.’

“யாருக்கு மறுக்குது?”

“உங்களுக்குத்தான். உங்க பேர்லதானே உள்ள வந்திருக்கோம். இதுல நீங்க சாதாரணப் பயனர்.”

“சாதாரணமா? நான் வாங்கிப் போட்ட கணினி, நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி!”

“நாற்காலிக்கு நீங்கதான்ப்பா நிர்வாகி. வேணும்னா அதை அப்டேட் பண்ணலாம்.”

“அப்போ கணினிக்கு யாருடி?”

மகள் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

அங்கே போய்க் கேட்டுக்கொண்டு நிற்பதா? கட்டம் கேட்ட நிர்வாகியின் கடவுச்சொல்லை நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன். கட்டத்தின் கீழே ஒரு குறிப்பு வேறு இருந்தது: ‘வீட்டுக்குப் பெரியவர்.’ இதில் என்ன கஷ்டம்? என் பெயரை அடித்தேன். தவறு. முன்னெழுத்தோடு அடித்தேன். தவறு. வாங்கிய பட்டத்தையும் சேர்த்து அடித்தேன்.

“சட்டை அளவையும் போட்டுப் பாருங்களேன்,” என்றாள் மகள்.

“ஏங்க, என்ன கூச்சல்?” ஈரக் கையைத் துடைத்தபடி என் மனைவி வந்தாள். குனிந்து எதையோ தட்டினாள். கட்டம் மறுபேச்சில்லாமல் வழிவிட்டது.

“என்ன போட்டே?”

“குண்டுமணி.”

குண்டுமணி எங்கள் பூனை. அலமாரி உச்சியிலிருந்து என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

“இதுவா வீட்டுக்குப் பெரியவர்?”

“அதைத் தூக்கத்துல யாராவது எழுப்ப முடியுமா? உங்களை நான் தினம் எழுப்புறேனே!”

மகள் சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அதற்குள் அடுத்த கட்டம் வந்தது: ‘மென்பொருள் திறந்திருக்கிறது. மூடிவிட்டு முயலவும்.’ எழுந்துவந்து, சுருக்கி வைத்ததை விரித்தவளின் சிரிப்பு நின்றது.

“அப்பா, வீடியோ கால் கட்டாகவே இல்ல. படம்தான் போகல. நாம பேசினது பூரா போயிருக்கு. ஸ்பீக்கரை யாரு மூடினது?”

நான்தான். ஒரு கருவி என் உத்தரவில்லாமல் சத்தம் போடுவது எனக்குப் பிடிக்காது.

திறந்தாள். அறை முழுக்க அந்த வீட்டுச் சிரிப்பு கொட்டியது. நடுவே இருமிக்கொண்டே சிரிப்பவர் நீதிபதி. குடும்ப மானம் கப்பலேறிவிட்டதென்று எழுந்தேன்.

“சம்பந்தி!” என்றார் அவர். அந்த ஒரு சொல்லுக்கே மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். “நாற்காலி நகர்ற சத்தம் கேக்குது. எழுந்து போயிடாதீங்க, அதுக்கு நீங்கதானே நிர்வாகி? எங்க வீட்டுல டிவி ரிமோட்டைத் தொடக்கூட எனக்கு அனுமதி இல்ல. அது மேலதான் நாய் படுக்கும். மூடிட்டு அப்டேட் பண்ணிட்டு வாங்க, காத்திருக்கோம்.”

இம்முறை தடையின்றி முடிந்தது. புதிய கட்டம் கேட்டது: ‘கேமராவைப் பயன்படுத்த அனுமதிக்கிறீர்களா?’

மகள் கையை எடுத்துக்கொண்டாள். மனைவி ஒதுங்கி நின்றாள். குண்டுமணிகூட இறங்கி வந்தது. நான் காலரை நேராக்கிக்கொண்டேன்.

“யோசிச்சுச் சொல்றேன்.”

“ஏங்க!” என்றாள் நிர்வாகி.

அழுத்தினேன்.