பங்காளித் தீட்டு

அப்பாவை எரித்த மூன்றாம் நாள், தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் சங்கரன்கோவிலில் பஸ் ஏறிக் கரிவலம்வந்தநல்லூரில் இறங்கினேன். சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா. மைக்செட் ஊரையே தூக்கிக்கொண்டிருந்தது. சாவுத் தீட்டோடு கோயில் எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். ரோட்டுக்கு இந்தப் பக்கம், சாமியாடி குளிக்கும் பம்புசெட்டில் போய் நின்றேன்.

சாமியாடி துரைப்பாண்டி, என் தாத்தா நல்லகண்ணுவின் கூடப்பிறந்த அண்ணன் மகன். இதை நான்தான் சொல்கிறேன். அவர் வீட்டார் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. ராயகிரியிலிருந்து வந்த எவளுக்கோ பிறந்தவன் என்று சொல்லித் தாத்தாவை விரட்டிவிட்டார்கள். நிலம் போனது போகட்டும், சாமியும் உனக்கு இல்லை என்றார்கள். அப்பா வெட்கம் கெட்டுப்போய் வருஷா வருஷம் கொடைக்கு மாலையோடு வருவார். "பங்காளிக்குத்தாம்வே திருநீறு" என்று இதே துரைப்பாண்டி, அப்பா நீட்டிய கையைத் தட்டிவிட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்த சிறுமி நான். அப்பா மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

தாத்தா யார் மகன் என்பதற்கு அத்தாட்சி தேடி எங்கெல்லாமோ அலைந்தேன். அவர் பாதியில் விட்ட பள்ளிக்கூடம், ஆடு மேய்த்த பனவடலிசத்திரம், கடைசியில் தாலுகா ஆபீஸின் பழைய பிறப்புப் பதிவு. அண்ணன், தம்பி இரண்டு பேருக்கும் ஒரே தகப்பன், ஒரே தாய் பேச்சி. நகல் கைக்கு வந்த அன்று அப்பா ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். காதுக்குள் வாசித்துக் காட்டினேன். கேட்டதோ என்னவோ.

துரைப்பாண்டி, கொடைக்குக் கையில் கட்டிய காப்போடு வந்தார்.

"ஏட்டி, முத்துமணி மகதான? அப்பன் போய்ட்டான்னு சொன்னாவ."

"ஆமா பெரியப்பா."

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்றது. நகலை நீட்டினேன். உதடு அசைய வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"இத யாருகிட்டல்லாம் காமிச்ச?"

"ஒங்ககிட்ட மட்டுந்தான்."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அதற்குத்தான் காத்திருந்தேன்.

"பங்காளி வீட்டுச் சாவு, பெரியப்பா. ஒங்களுக்கும் பதினாறு நாள் தீட்டு. நான் யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன். கிழிச்சுப் போட்டுட்டுப் போயி ஆடுங்க. ஒங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பொறவு மாடனுக்குத் தெரியும்."

பஸ்ஸில் வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்த பேச்சு. சொல்லி முடித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்லுவானேன்.

"தெரிஞ்சே தீட்டோட ஆடுனா ரத்தங்கக்கிச் செத்துருவேம்ட்டி." நகல் அவர் கையிலேயே இருந்தது.

"அப்ப ஆடாதீங்க. ஏன் ஆடலன்னு எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க. எங்கப்பா பேரச் சொல்லிச் சொல்லுங்க."

அதற்குள் கோயிலிலிருந்து ஆட்கள் வந்துவிட்டார்கள். "அண்ணாச்சி, நேரமாச்சு" என்று அவர் தலையில் தண்ணீரை ஊற்றிக் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். இடுப்பில் பட்டுச் சல்லடம் கட்டி, கழுத்தில் மாலை போட்டு, மாடனுக்கு நேரே நிறுத்தினார்கள். ரோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே எல்லாம் தெரிந்தது. அப்பா பங்காளியாக நின்று பார்க்க ஏங்கிய ஆட்டம் இதுதான்.

உச்சிக்கொடை மேளம் எழுந்தது. பெண்கள் குலவையிட்டார்கள். சாமி வரவில்லை. மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் ஓங்கி அடித்தார்கள். குலவை தேய்ந்து நின்றது. துரைப்பாண்டி ஈரத்தாளை உள்ளங்கைக்குள் கசக்கிப் பிடித்துக்கொண்டு, கால் அசையாமல், மாடனைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.