காப்பிக்கு நேர்ந்துவிட்ட சேவல்

சேவலை அறுப்பதா, விடுவதா என்று தெரியாமல் பேச்சியம்மாவுக்குத் தலை கிறுகிறுத்தது.

கண்டிச் சீமையில், புசல்லாவைப் பக்கத்துக் காப்பித் தோட்டமொன்றில் அவளும் புருசன் வெள்ளையனும் கூலிகள். காப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி பூத்த வருசம், கூலிகள் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் இருந்த மாடசாமி கல்லின் முன் விழுந்து, "இந்த எலை பச்சையாகட்டும் சாமி, ஒனக்குச் செஞ்சேவல் தாறேன்" என்று நேர்ந்துகொண்டாள். அன்றே ஒரு குஞ்சின் காலில் மஞ்சள் துணியும் கட்டினாள். குஞ்சு சேவலாகி, கொய்யா மரத்தில் ஏறி அதிகாரம் பண்ண ஆரம்பித்தது. காப்பியோ இலையெல்லாம் உதிர்த்து விறகாய் நின்றது. துரை கப்பலேறிவிட்டார். லயத்தில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான். வத்தேகமப் பக்கம் தேயிலை என்று ஏதோ புதிதாக நடுகிறார்களாம். விடிந்தால் அங்கே கிளம்ப வேண்டும்.

இதுவரைக்கும் குழப்பம் இல்லை. சாமி கொடுக்கவில்லை, சேவலும் கிடையாது. கோளாறு எங்கே வந்தது என்றால், மலடி என்று லயமே பேசி ஓய்ந்த பிறகு, காப்பி செத்த அதே வருசத்தில் அவள் முழுகாமல் இருந்தாள்.

"கேட்டது காப்பி, கெடைச்சது புள்ள. அப்ப சேவல் குடுக்கணுமா, வேணாமாங்க?"

வெள்ளையன் சீறினான். "என்னையக் கேட்டா? அந்தக் கல்லு கண்ணத் தொறந்து பாத்திருந்தா நம்ம பொழப்பு இப்பிடி நாசமாப் போயிருக்குமா? சேவலை அறு, வழிக்குக் கொழம்பாச்சு. பிடிமண்ணு அது இதுன்னு அந்தப் பக்கம் போனே, காலை முறிச்சிருவேன்!"

ஊர்விட்டு ஊர் போகிறவர்கள் சாமியடியில் ஒரு பிடி மண் அள்ளிப்போய், புது இடத்தில் அதன்மேல் கல் நடுவார்கள். சாமியும் கூட வந்துவிடும். இந்த மாடசாமியே வெள்ளையனின் இடுப்பு முடிச்சில் கடல் தாண்டி வந்தவர்தான். மண் எடுக்காவிட்டால் அவர் இங்கே அநாதையாக நிற்பார், பிள்ளை சாமியில்லாத இடத்தில் பிறக்கும். அதை நினைத்துப் பேச்சியம்மா இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடந்தாள்.

விடிந்ததும் சேவலை இடுக்கிக்கொண்டு கல்லிடம் போனாள். கும்பிடவா, சண்டை போடவா? சண்டைதான் முதலில் வந்தது.

"ஏஞ்சாமி, ஒனக்குக் காது மந்தமா? காப்பின்னுதானே கேட்டேன்? சோத்துல மண்ணைப் போட்டுட்டு வயித்துல புள்ளையக் குடுத்தா, நான் அழுவேனா, சிரிப்பேனா? ரெண்டையும் குடுத்தா கொறைஞ்சா போயிருவே?"

வயிற்றுக்குள் பிள்ளை ஓர் உதை விட்டது. அது சாமி சொன்ன பதிலா, நேற்றுத் தின்ற மரவள்ளிக் கிழங்கின் வேலையா என்பதும் விளங்கவில்லை. சாமிமேல் கோபம் அப்படியேதான் இருந்தது. ஆனாலும் நன்றிகெட்டவளாக இந்த மலையை விட்டு இறங்க அவளுக்கு மனசில்லை.

சேவலின் காலிலிருந்த துணியை அவிழ்த்து, அதை உயிரோடு கல்லின் முன் இறக்கிவிட்டாள். "வச்சுக்க. எதுக்குன்னு மட்டும் கேக்காத."

கால் முறிந்தாலும் முறியட்டும் என்று மண்ணள்ளக் குனிந்தாள். கல்லடியில் ஏற்கெனவே ஒரு பிடி மண் குறைந்திருந்தது. ஈரத்தில் விரல் தடம் புதிதாக இருந்தது.

மண் எடுக்காமலே திரும்பி வந்தாள். வெள்ளையன் அவள் முகத்தைப் பார்க்காமல் மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். இடுப்பு முடிச்சு புடைத்திருந்தது, நகமெல்லாம் மண்.

"அம்புட்டு ஏசினீங்களே?"

"ஏசினேன், இனியும் ஏசுவேன். ஆனா அவனும் நானும் ஒரே தோணியில வந்தவங்க, புள்ள. விட்டுட்டுப் போக முடியல. ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல." பிறகு அவளுடைய வெறுங்கையைப் பார்த்தான். "சேவல் எங்க?"

"விட்டுட்டேன்."

"எதுக்கு? காப்பிக்கா, புள்ளைக்கா?"

"தெரியலீங்க."

"அப்ப கொழம்பு?"

பேச்சியம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மூட்டையைத் தலையில் ஏற்றினாள். அவர்கள் கண்டிச் சாலைக்கு இறங்கும்வரை பின்னால் சேவல் கூவிக்கொண்டே இருந்தது. வெள்ளையன் ஒரு கையால் இடுப்பு முடிச்சைப் பிடித்தபடியே நடந்தான்.